தாதுவும் நாட்டுடையது, கையெழுத்தும் நாட்டுடையது

கேள்வி இதுதான்: ஒரு நாட்டின் மண்ணுக்கடியில் கிடக்கும் எண்ணெயும் தாதுவும் அந்த நாட்டுக்கே சொந்தம் என்று ஐ.நா. எப்போதோ தீர்மானம் போட்டுவிட்டது. அப்படியிருக்க, ஓர் அரசு வெளிநாட்டுக் கம்பெனியை வெளியே அனுப்பினால், எங்கோ உட்கார்ந்திருக்கும் மூன்று நடுவர்கள் கோடிக்கணக்கான டாலர் நஷ்ட ஈடு கட்டு என்று எப்படி உத்தரவு போடுகிறார்கள்? அப்புறம் அந்த இறையாண்மைக்கு என்னதான் மதிப்பு?

உரிமை உண்மையானது, இன்று அதை எந்த நாடும் மறுப்பதில்லை. ஆனால் ஒப்பந்தம் போடும் அதிகாரமும் அதே இறையாண்மையிலிருந்துதான் பிறக்கிறது. பெரும்பாலான வழக்குகளில் அரசை மடக்குவது அரசே போட்ட கையெழுத்துதான். இதை விளக்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1901-ல் பாரசீக (இன்றைய ஈரான்) மன்னர், வில்லியம் நாக்ஸ் டார்சி என்பவருக்கு ஓர் எண்ணெய்க் குத்தகை கொடுத்தார். வடக்கே ஐந்து மாகாணங்களைத் தவிர்த்து ஏறக்குறைய நாடு முழுவதும், 60 ஆண்டுகளுக்கு. பதிலுக்குக் கிடைத்தது 20,000 பவுண்டு ரொக்கம், அதே அளவு பங்குகள், நிகர லாபத்தில் 16 சதவீதம். அந்தக் காலத்துக் குத்தகைகள் எல்லாமே ஏறத்தாழ இப்படித்தான் இருந்தன. அபுதாபி 1939-ல் கொடுத்தது 75 ஆண்டுகளுக்கு. அந்த ஒப்பந்தத்தில் தகராறு வந்தபோது, 1951-ல் நடுவராக இருந்த ஆஸ்க்வித் பிரபு, இவ்வளவு பழமையான ஒரு பகுதியில் நவீன வணிகத்துக்குப் பொருந்தும் சட்டக் கோட்பாடுகள் இருக்கும் என்று நினைப்பதே கற்பனை என்று எழுதி, 'நாகரிக நாடுகளின்' பொதுக் கோட்பாடுகளை எடுத்துக்கொண்டார். அவை ஆங்கிலச் சட்டத்தை ஒத்திருந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கடலடித் திட்டு (கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் நிலப்பகுதி) விஷயத்தில் அவர் அபுதாபி ஆட்சியாளரான ஷேக்குக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த ஒரு வரிதான் பின்னால் பல தலைமுறைச் சட்ட அறிஞர்களின் நெஞ்சில் முள்ளாக நின்றது.

அதே 1951-ல் ஈரான், டார்சி குத்தகையின் வழிவந்த ஆங்கிலோ-ஈரானியன் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் கையில் இருந்த தன் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கியது. பிரிட்டன் ஹேக்கில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு பிரதமர் மொசாடெக் தானே அங்கு போய் வாதாடினார். 1952 ஜூலையில் நீதிமன்றம், 1933-ல் புதுப்பிக்கப்பட்ட குத்தகை ஓர் அரசுக்கும் ஒரு கம்பெனிக்கும் இடையிலானது, இரு நாடுகளின் உடன்படிக்கை ஆகாது, எனவே இதை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று ஒதுங்கியது. நீதிமன்றத் தலைவராக இருந்த பிரிட்டன்காரர் மெக்நேர் தன் நாட்டுக்கு எதிராகவே வாக்களித்தார்.

கம்பெனி அதோடு விடவில்லை. ஈரான் எண்ணெயை ஏற்றிக்கொண்டு கிளம்பிய 'ரோஸ் மேரி' என்ற கப்பல் ஏடனில் நிறுத்தப்பட்டது. அப்போது பிரிட்டன் வசம் இருந்த ஏடனின் நீதிமன்றம், எண்ணெய் கம்பெனிக்கே சொந்தம் என்றது. ஆனால் இதே போன்ற சரக்குகள் இத்தாலிக்கும் ஜப்பானுக்கும் போனபோது, வெனிஸ், ரோம், டோக்கியோ நீதிமன்றங்கள் கம்பெனியின் கோரிக்கையை ஏற்க மறுத்தன. ஒரே எண்ணெய், எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது என்பதைப் பொறுத்து உரிமையாளர் மாறினார். சட்டம் இன்னும் உறையாத நிலையில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1953-ல் ஆட்சிக் கவிழ்ப்பு வந்து மொசாடெக் போனதெல்லாம் வேறு கதை.

இந்தப் பின்னணியில்தான் ஐ.நா. பொதுச்சபை 1952-ல் 626-ஆம் தீர்மானத்தையும், பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு 1962 டிசம்பர் 14 அன்று புகழ்பெற்ற 1803-ஆம் தீர்மானத்தையும் நிறைவேற்றியது. இயற்கை வளங்கள் மீதான நிரந்தர இறையாண்மை என்பது அதன் தலைப்பு. ஆதரவு 87, எதிர்ப்பு 2, நடுநிலை 12. எதிர்த்தவை பிரான்சும் தென்னாப்பிரிக்காவும். சோவியத் அணி நடுநிலை வகித்தது, அமெரிக்கா ஆதரித்தது. ஏன் என்று யோசித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

தீர்மானத்தில் இரண்டு பத்திகள் முக்கியம். நான்காவது பத்தி, பொதுநலனுக்காக நாட்டுடைமை ஆக்கலாம், ஆனால் 'பொருத்தமான' இழப்பீடு தர வேண்டும் என்கிறது. அது அந்த அரசின் உள்நாட்டுச் சட்டப்படியும், கூடவே சர்வதேசச் சட்டப்படியும் இருக்க வேண்டும். எட்டாவது பத்தி, இறையாண்மை உள்ள நாடுகள் சுதந்திரமாகச் செய்துகொண்ட அந்நிய முதலீட்டு ஒப்பந்தங்களை நல்லெண்ணத்தோடு கடைப்பிடிக்க வேண்டும் என்கிறது. கேள்விக்கான பதில் பெருமளவுக்கு இந்த எட்டாவது பத்தியில்தான் ஒளிந்திருக்கிறது.

இழப்பீட்டுச் சண்டைக்கும் ஒரு முன்கதை உண்டு. 1938-ல் மெக்சிகோ அதிபர் கார்தெனாஸ் எண்ணெய்க் கம்பெனிகளை நாட்டுடைமை ஆக்கினார். அதற்கு முன்பே அங்கு அமெரிக்கர்களின் விவசாய நிலங்கள் கையகப்படுத்தப்பட்டிருந்தன. அந்தத் தகராறில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல் கேட்டது: உடனடியான, போதுமான, பயன்படுத்தத் தக்க இழப்பீடு. லத்தீன் அமெரிக்க நாடுகளோ, வெளிநாட்டவருக்கு உள்நாட்டவரைவிடக் கூடுதல் சலுகை எதற்கு, எங்கள் நீதிமன்றத்துக்கே வா என்று அர்ஜென்டினச் சட்ட அறிஞர் கார்லோஸ் கால்வோ வழியில் நின்றன. 1962-ன் 'பொருத்தமான' என்பது இரண்டுக்கும் நடுவில் வேண்டுமென்றே மொழுகி வைத்த சொல். ஹல் சொன்னதைத்தான் அது குறிக்கிறது என்று அமெரிக்கா எடுத்துக்கொண்டது. இல்லவே இல்லை என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் சந்தோஷமாகக் கை தூக்கினார்கள்.

1974-ல் வளரும் நாடுகள் இந்த மொழுகலைச் சுரண்டி எடுக்கப் பார்த்தன. எண்ணெய் விலை எகிறியிருந்த நேரம், கை ஓங்கியிருந்தது. அந்த டிசம்பரில் நிறைவேறிய பொருளாதார உரிமைகள், கடமைகள் சாசனம், இழப்பீட்டுத் தகராறு வந்தால் நாட்டுடைமை ஆக்கிய அரசின் சொந்தச் சட்டப்படி அதன் சொந்த நீதிமன்றங்களே தீர்க்கும் என்றது. 120 நாடுகள் ஆதரவு, 6 எதிர்ப்பு, 10 நடுநிலை. எண்ணிக்கையைப் பார்த்தால் அமோக வெற்றி. ஆனால் முதலீடு செய்யும் பணக்கார நாடுகள் அநேகமாக எல்லாமே எதிர்த்தன அல்லது ஒதுங்கின.

அது எவ்வளவு பெரிய ஓட்டை என்பது மூன்றாண்டில் தெரிந்தது. லிபியா 1973, 74-ல் டெக்சாகோ என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியின் சொத்துகளை எடுத்துக்கொண்டது. ஒப்பந்தப்படி நடுவர் விசாரணை. லிபியா வரவே இல்லை. தனி நடுவராக இருந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ரெனே-ஜான் துபுயி 1977-ல் எழுதிய தீர்ப்பு, இந்தத் துறைக்கு வரும் எவரும் முதலில் படிக்க வேண்டியது. அவர் இரண்டு வேலை செய்தார். முதலாவது, பொதுச்சபைத் தீர்மானங்களை எடை போட்டார். 1803-ஐப் பணக்கார நாடுகளும் ஏழை நாடுகளும் சேர்ந்து ஏற்றன, அதனால் அது நடைமுறையில் உள்ள வழக்காற்றுச் சட்டத்தை, அதாவது நாடுகளின் தொடர்ந்த நடைமுறையிலிருந்து பிறந்து எல்லோரையும் கட்டும் சட்டத்தைக் காட்டுகிறது. 1974-ன் சாசனத்தை ஒரு தரப்பு மட்டுமே ஏற்றது, அதனால் அது இனி வர வேண்டும் என்று ஆசைப்படும் சட்டம் மட்டுமே என்றார். இரண்டாவது வேலைதான் நம் கேள்வியின் மையம். இறையாண்மை உள்ள அரசு தன்னை ஒப்பந்தத்தால் கட்டிக்கொள்வது இறையாண்மையை இழப்பது ஆகாது, அதைப் பயன்படுத்துவதே ஆகும். ஆகவே குறிப்பிட்ட காலத்துக்குக் கொடுத்த வாக்கை 'நான் இறையாண்மை உள்ளவன்' என்று சொல்லி உடைக்க முடியாது. சொத்தை அப்படியே திருப்பிக் கொடு என்றே தீர்ப்பளித்தார். அது நடக்கவில்லை. லிபியா பிற்பாடு 15.2 கோடி டாலர் மதிப்புள்ள கச்சா எண்ணெயைக் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

துபுயியின் தர்க்கத்தில் ஓட்டை இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அது தொடங்கும் இடம் சங்கடமானது. சுதந்திரமாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று அது எடுத்துக்கொள்கிறது. லிபியாவின் பல குத்தகைகள் 1950-களில், நாடு விடுதலை பெற்ற சூட்டோடு எழுதப்பட்டவை. பேரம் பேசும் மேசையில் இரு தரப்பும் எந்த நிலையில் இருந்தன என்ற கேள்வியைச் சட்டம் லேசில் தொடுவதில்லை.

ஐந்தாண்டு கழித்து குவைத்துக்கும் அமினாயில் கம்பெனிக்கும் நடந்த வழக்கில் இன்னும் நிதானமான பதில் வந்தது. 1948-ல் கொடுத்த 60 ஆண்டுக் குத்தகை; அதில் விதிகளை ஒருதலையாக மாற்றக் கூடாது என்று ஓர் உறைநிலைப் பிரிவு. குவைத் 1977-ல் குத்தகையை முடித்தது. நடுவர்கள், இவ்வளவு நீண்ட காலத்துக்கு நாட்டுடைமை ஆக்கவே மாட்டேன் என்று ஓர் அரசு தன்னைக் கட்டிக்கொண்டதாகச் சும்மா ஊகிக்க முடியாது, அதை வெளிப்படையாக, வரையறுத்த காலத்துக்கு எழுதியிருக்க வேண்டும் என்றார்கள். ஆகவே நாட்டுடைமை செல்லும். ஆனால் பொருத்தமான இழப்பீடு கொடு. தொகை சுமார் 18 கோடி டாலர். குவைத் கொடுத்தது. சட்டம் இன்றும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நிற்கிறது: எடுத்துக்கொள்ளலாம், இலவசமாக எடுக்க முடியாது.

இலவசமாக எடுக்கப் பார்த்த ஒரு நாடும் உண்டு. 1971-ல் சிலியின் நாடாளுமன்றம், ஒரு எதிர்ப்புக்கூட இல்லாமல், செம்புச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்க அரசியல் சாசனத்தைத் திருத்தியது. இழப்பீடு உண்டுதான். ஆனால் 1955 முதல் ஆண்டுக்கு 12 சதவீதத்துக்கு மேல் எடுத்த லாபத்தை அதிலிருந்து கழிக்க வேண்டும் என்று அதிபர் அயேந்தே முடிவு செய்தார். கழித்துப் பார்த்தால் பெரிய சுரங்கங்களுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தச் சுரங்கங்களில் பங்கு வைத்திருந்த அமெரிக்கக் கம்பெனி கென்னகாட் 1972-ல், பிரான்சுக்குப் போன சிலிச் செம்பின் பணத்தை முடக்கக் கோரிப் பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போனது. கணக்கில் நியாயம் இருக்கிறதா என்பது ஒரு பக்கம். சரக்கு எல்லை தாண்டியதும் அது வேறொருவர் சட்டத்தின் கையில் போய் விழுகிறது என்பது மறுபக்கம்.

சரி, இவையெல்லாம் ஒப்பந்தத்தில் நடுவர் பிரிவு இருந்தால்தானே? இன்றைய நிலை அதைத் தாண்டிப் போய்விட்டது. ஜெர்மனியும் பாகிஸ்தானும் 1959-ல் கையெழுத்திட்டதுதான் முதல் இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தம். இப்போது அப்படிப்பட்டவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இவற்றின் விசேஷம், கம்பெனி அந்த அரசோடு தனியாக எந்த ஒப்பந்தமும் போட்டிருக்க வேண்டியதில்லை. கம்பெனியின் நாட்டுக்கும் இந்த நாட்டுக்கும் உடன்படிக்கை இருந்தால் போதும், நேராக அரசின் மீது வழக்குத் தொடரலாம்.

முதல் உடன்படிக்கையைப் போட்ட அதே பாகிஸ்தானுக்குத்தான் மிகக் கடுமையான அடிகளில் ஒன்று விழுந்தது. பலுசிஸ்தானின் ரெக்கோ திக்கில் உலகின் மிகப் பெரிய செம்பு, தங்கப் படிவங்களில் ஒன்று இருக்கிறது. 1993 முதல் ஆய்வு நடந்தது. டெத்யான் காப்பர் என்ற, ஆஸ்திரேலியாவில் பதிவான கம்பெனி சுமார் 22 கோடி டாலர் செலவழித்தது. 2011-ல் சுரங்க உரிமம் கேட்டபோது மாகாண அரசு மறுத்தது. 2013-ல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் மூல ஒப்பந்தமே செல்லாது என்றது. உள்நாட்டுச் சட்டப்படி கதை அங்கே முடிந்தது. ஆனால் ஆஸ்திரேலிய உடன்படிக்கையின் கீழ் உட்கார்ந்த தீர்ப்பாயம் 2019 ஜூலையில் வட்டியோடு சுமார் 590 கோடி டாலர் கட்டச் சொன்னது. சில நாள் முன்புதான் சர்வதேச நிதியம் பாகிஸ்தானுக்கு 600 கோடி டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் கொடுத்திருந்தது. கைக்கு வர வேண்டிய கடனும் கட்ட வேண்டிய தொகையும் ஏறக்குறைய ஒன்று.

22 கோடி எப்படி 590 கோடி ஆனது? செலவழித்த பணத்தை நடுவர்கள் திருப்பித் தரச் சொல்லவில்லை. சுரங்கம் ஓடியிருந்தால் பல பத்தாண்டுகளில் வந்திருக்கக்கூடிய லாபத்தை இன்றைய மதிப்புக்குக் குறுக்கிக் கணக்கிட்டார்கள். ஒரு கல்லும் தோண்டப்படாத சுரங்கத்துக்கு. இறையாண்மைக் கோட்பாட்டுக்கு இன்று வந்திருக்கும் உண்மையான நெருக்கடி இந்தக் கணக்குமுறைதான் என்பது என் கருத்து. எடுக்கலாமா, கூடாதா என்ற பழைய சண்டையில் அரசுகள் வென்றுவிட்டன, விலையில் தோற்றுக்கொண்டிருக்கின்றன. பாகிஸ்தான் கடைசியில் 2022-ல் சமரசம் செய்துகொண்டது. புதிய ஏற்பாட்டில் பாதி, டெத்யானின் உரிமையாளர்களில் ஒன்றான பாரிக் கம்பெனிக்கு, கால் பங்கு மத்திய அரசு நிறுவனங்களுக்கு, கால் பங்கு பலுசிஸ்தானுக்கு.

இவ்வளவு நேரம் அரசு, அரசு என்றே சொல்லிவந்தேன். 1803-ஆம் தீர்மானம் இந்த உரிமையை 'மக்களுக்கும் நாடுகளுக்கும்' கொடுக்கிறது. 1966-ன் இரண்டு மனித உரிமை உடன்படிக்கைகளும் முதல் பிரிவிலேயே, எல்லா மக்களும் தங்கள் வளங்களைத் தங்கள் விருப்பப்படி கையாளலாம், எந்த மக்களின் பிழைப்பாதாரத்தையும் எந்த நிலையிலும் பறிக்கக் கூடாது என்கின்றன. அரசு இல்லாத மக்களுக்கும் இது பொருந்தும். நவ்ரு தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 21 சதுர கிலோமீட்டர். ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து மூன்றும் சேர்ந்த அமைப்பு அங்கிருந்த பாஸ்பேட்டைச் சுரண்டி எடுத்தது. 1968-ல் விடுதலை பெற்ற தீவு, தோண்டிப் போட்ட நிலத்தைச் சீர்செய்து கொடு என்று ஆஸ்திரேலியா மீது வழக்குப் போட்டது. விசாரிக்க அதிகாரம் உண்டு என்று சர்வதேச நீதிமன்றம் 1992-ல் சொன்னதும், அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு ஒத்துக்கொண்டது.

பெரும்பகுதி மொராக்கோவின் பிடியில் இருக்கும் மேற்குச் சஹாரா இன்னும் தீராத வழக்கு. 2017 மே மாதம், அங்கிருந்து சுமார் 50,000 டன் பாஸ்பேட்டோடு நியூசிலாந்துக்குப் போன 'செர்ரி பிளாசம்' கப்பல் தென்னாப்பிரிக்காவில் நின்றபோது முடக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அங்குள்ள உயர் நீதிமன்றம் சரக்கு, அந்த மண்ணின் சஹராவி மக்கள் அறிவித்த சஹராவி குடியரசுக்கே சொந்தம் என்று தீர்ப்பளித்தது. ஏலம் விட்டார்கள், வாங்க ஆள் வரவில்லை. ரோஸ் மேரிக்கு 65 ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஒரு துறைமுகம், ஒரு நீதிமன்றம். இந்த முறை காற்று எதிர்த்திசையில் அடித்தது.

சொந்த அரசுக்கு எதிராகவும் இந்த உரிமை திரும்பும். தென் அமெரிக்க நாடான சூரினாமில் சரமாக்கா மக்களின் காட்டில் அரசு மரம் வெட்டவும் சுரங்கத்துக்கும் உரிமம் கொடுத்தது. அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் 2007-ல், வளங்கள் அரசுடையவை என்று உள்நாட்டுச் சட்டம் சொன்னாலும், பெரிய திட்டங்களுக்கு அந்த மக்களின் முன்கூட்டிய, விவரம் தெரிந்த சம்மதம் வேண்டும் என்றது.

போர்க்காலக் கொள்ளைக்கும் இதே கோட்பாடுதான் பொருந்தும் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். காங்கோவின் தங்கம், வைரம் முதலியவற்றை உகாண்டா ராணுவத்தினர் கொள்ளையடித்த வழக்கில், இந்தக் கோட்பாடு வழக்காற்றுச் சட்டம்தான் என்று சர்வதேச நீதிமன்றம் 2005-ல் முதன்முறையாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட கையோடு, சிப்பாய்களின் கொள்ளைக்கு அது பொருந்தாது என்று ஒதுக்கியும் வைத்தது. போர்க்காலக் கொள்ளையைத் தடுக்கும் பழைய விதிகளின் கீழ்தான் உகாண்டாவைப் பொறுப்பாக்கியது. 2022-ல் தீர்ந்த மொத்தத் தொகை 32.5 கோடி டாலர். அதில் இயற்கை வளத்துக்கு 6 கோடி. காங்கோ மொத்தத்தில் கேட்டது 1,100 கோடிக்கும் மேல். ரெக்கோ திக் தொகையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: படை அனுப்பி எடுத்ததற்கு ஒரு விலை, உரிமம் மறுத்ததற்கு வேறு விலை.

கடலைப் பற்றிச் சுருக்கமாக. 12 கடல் மைல் வரை முழு இறையாண்மை. 200 மைல் வரை வளங்களின் மீது மட்டுமே உரிமை. கப்பல் போக்குவரத்தைத் தடுக்க முடியாது. நாடுகளின் எல்லைக்கு அப்பாற்பட்ட ஆழ்கடல் தரை மனிதகுலத்தின் பொதுச் சொத்து, அதைக் கவனிக்கும் அமைப்பு ஜமைக்காவில் இருக்கிறது. வணிகத்தில் இன்னொரு கடிவாளம்: அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா வைத்த கட்டுப்பாடுகளை 2014-ல் உலக வர்த்தக அமைப்பு ஏற்கவில்லை. தோண்டாமல் விடுவது உன் இஷ்டம், தோண்டியபின் உள்ளூர்க்காரருக்கு ஒரு விதி, வெளியூர்க்காரருக்கு ஒரு விதி கூடாது என்பதே அதன் சாரம்.

கடைசியாக, இப்போது சூடாக இருக்கும் இடம். 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் காலநிலை பற்றித் தந்த ஆலோசனைக் கருத்தில், புதைபடிவ எரிபொருள் தோண்ட ஆய்வு உரிமம் கொடுப்பதுகூட ஓர் அரசின் சட்டமீறலாக ஆகலாம் என்றது. நல்லது, உரிமம் கொடுக்காமல் இருந்துவிடலாமே? இத்தாலி செய்து பார்த்தது. 2015 இறுதியில் கரையிலிருந்து 12 மைலுக்குள் எண்ணெய் எடுக்கத் தடை போட்டது. ராக்ஹாப்பர் என்ற கம்பெனிக்கு உரிமம் கிடைக்காமல் போனது. 2022-ல் நடுவர்கள் சுமார் 19 கோடி யூரோவும் வட்டியும் கட்டச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பு 2025-ல் ரத்தானது, ஆனால் ஒரு நடுவரின் நியமனம் தொடர்பான காரணத்தால்; தடை போட இத்தாலிக்கு உரிமை உண்டா என்ற கேள்வியில் அல்ல. இத்தனைக்கும் கம்பெனி வழக்குப் போட்ட 2017-க்கு முன்பே, 2016 தொடக்கத்தில், அந்த வழக்குக்கு அடிப்படையான எரிசக்தி சாசன உடன்படிக்கை என்ற பல நாட்டு ஒப்பந்தத்திலிருந்து இத்தாலி விலகியிருந்தது. விலகிய பிறகும் பழைய முதலீடுகளுக்கு 20 ஆண்டு பாதுகாப்பு உண்டு என்று உடன்படிக்கையில் ஒரு பிரிவு இருக்கிறது. அது 2036 வரை ஓடும்.